சாய்ந்து பெய்த மை

ஷட்டர் மூடியிருந்தது. அதன் மேல் யாரோ சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள்:

'படத்துக்குச் சட்டம் போடுறவரே சட்டத்தை மீறலாமா?'

லொள்ளு அதைப் படித்தான். மறுபடியும் படித்தான். எழுதிய கை யாருடையதோ தெரியாது. வாசகம் அவனுடையது.

போன வாரம் இதே வாசலில், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, ஃப்ரேம் கடைக்காரரின் முகத்துக்கு நேரே அவன்தான் அதைச் சொன்னான். சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. வாயில் வந்தது, விழுந்துவிட்டது. பெற்ற தாய்க்கே நிஜப் பெயர் மறந்துபோகும் அளவுக்கு 'லொள்ளு' என்ற பட்டப்பெயர் அவனிடம் ஒட்டிக்கொண்டதற்கு அந்த வாய்தான் காரணம். கடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீக்கடைக்காரர் அதை ஒவ்வொரு டம்ளரோடும் சேர்த்துக் கொடுத்தார். உள்ளூர்ப் பத்திரிகை அதையே தலைப்பாகப் போட்டது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்து, பாதி வேலையில் இருந்த கல்யாணப் படங்களையும் குழந்தைப் படங்களையும் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். கண்காட்சிக்கு மொத்த ஃப்ரேம் வேலையையும் கொடுத்திருந்த மியூசியம், வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மறுநாள் ஷட்டர் இறங்கியது. இன்னும் ஏறவில்லை.

"பாத்துட்டியா?"

பின்னால் சல்லடை மேடம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைச் சலித்தெடுத்தே ரிட்டயரானவர். இப்போது துப்பறிவது தொழில். லொள்ளு அவருக்கு உதவியாளன், டிரைவர், சில சமயம் தலைவலி.

"பாத்தேன் மேடம். ஒரு எழுத்துப் பிழைகூட இல்ல. அதுதான் வலிக்குது."

"வலிக்கும்போதுகூட உன் வாய் அடங்காதா?"

"அதைத்தான் ஒரு வாரமா நானும் கேட்டுட்டு இருக்கேன். பதில் சொல்ல அது வாயைத் தொறந்தாத்தானே. தொறந்தா வேற ஏதாவது வந்துடுது."

மேடம் சிரிக்கவில்லை. கைப்பையைத் தட்டினார். "ஒரு போட்டோ கிடைச்சிருக்கு. வா, அக்கா வீட்டுக்குப் போலாம்."

*

அக்கா என்று ஊரே கூப்பிடும் அந்தத் தையற்கார அம்மாள், பிரபல ஓவியர் ஒருவரின் கூடப் பிறந்தவர். தம்பிக்கும் தனக்கும் பெற்றோர் இல்லாத காலத்தில் தைத்துத் தைத்தே அவரைப் படிக்க வைத்தவர். மெஷின் மேல் தலையைச் சாய்த்து அவர் தூங்குவதை, வெறும் பேனாவாலும் மையாலும் வரைந்த படம் ஒன்று இருந்தது. அந்தப் படத்துக்குக் கிடைத்த முதல் பரிசுதான் தம்பியை ஓவியக் கல்லூரிக்குள் கொண்டுபோய் விட்டது. போட்டி முடிந்ததும் படம் அக்காவின் சுவருக்கு வந்தது. அப்புறம் அங்கிருந்து நகரவேயில்லை.

இப்போது ஓவியர் வாழ்நாளில் வரைந்த படங்கள் மொத்தத்தையும் மியூசியம் கண்காட்சி வைக்கிறது. நடு அறையில் இந்தப் படம். கண்ணாடி விரிசல் விட்டிருந்ததால், புது ஃப்ரேம் போட்டுத் தருகிறேன் என்று தம்பியே வந்து எடுத்துப்போனார். சில நாள் கழித்துக் கடையிலிருந்து படம் திரும்பி வந்தது. அக்கா அதைப் பார்த்தார். "இது என் படம் இல்ல" என்றார்.

முதலில் யாரும் நம்பவில்லை. மியூசியம் அதிகாரி வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். காகிதம் பழசு, ஆனால் வெயில் பட்ட பழுப்பு இல்லை. மை புதுசு. இது நகல். "ஆனா என்ன கைங்க! ஓவியரே போட்ட மாதிரி இருக்கு" என்று வியந்துவிட்டுப் போனார். படம் கைமாறிய இடம் கடைதானே என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். மேடமும்தான். "கொண்டு வந்து குடுத்ததைத்தான் மாட்டினேன்" என்று ஃப்ரேம்காரர் சொன்னது அந்தச் சிரிப்புச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

அக்கா கழுத்தில் டேப்பும் உதட்டில் குண்டூசிகளுமாக அவர்களை வரவேற்றார். ஊசிகளை எடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"திருடனப் பிடிச்சுட்டீங்கன்னு ஊரே சொல்லுது. படம் எங்க?"

லொள்ளு தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பார்த்தான்.

"தேடிட்டுத்தான் இருக்கோம்க்கா" என்றார் மேடம். "அந்த நகலை ஒரு தடவ பாக்கணும்."

அக்கா துணி வெட்டும் மேஜையைக் காட்டினார். "அங்கதான் கிடக்கு. சுவத்துல மாட்ட மனசு வரல." பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார்: "அந்த வயசுல ஒரு நாளைக்கு எத்தனை உடுப்பு தைச்சேன்னு எனக்கே தெரியாது. கண்ணு தானா சொருகும். ஒரு நாள் முழிச்சுப் பாத்தா, இந்தப் படம் மேஜை மேல இருக்கு. நம்ம அசதி ஒருத்தன் கண்ணுலயாவது பட்டுச்சேன்னு அழுதுட்டேன். அவன் பேசாம நின்னான். சின்ன வயசுலேர்ந்தே அவனுக்குக் கூச்சம். நான்தான் அதைக் கொண்டுபோய்ப் போட்டியில சேத்தேன்."

"தம்பி மனைவியும் படம் போடுவாங்களா?" என்றார் மேடம் சும்மா.

"அவளா? நல்ல பொண்ணுதான். குறை சொல்லக் கூடாது. ஆனா ஒரு கோடு ஒழுங்கா போடத் தெரியாது. என் தம்பி மாதிரி ஒருத்தனுக்கு..." முடிக்காமல் விட்டார். உள்ளே அளவு பார்க்க ஒரு பெண் காத்திருந்தாள். ஊசிகளை மறுபடி உதட்டில் வைத்துக்கொண்டு அக்கா திரைக்குப் பின்னால் போனார்.

மேடம் போட்டோவை எடுத்து நகலுக்குப் பக்கத்தில் வைத்தார். பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி, புது உடுப்பைப் போட்டுக்கொண்டு இதே அறையில் எடுத்துக்கொண்ட படம். அவள் தோளுக்குப் பின்னால், சுவரில், அசல்.

இரண்டிலும் அதே மெஷின். அதே சாய்ந்த தலை. கன்னத்துக்குக் கீழே, கைமடிப்பில், மேஜைக்கு அடியில் எல்லாம் நெருக்கமான சாய்கோடுகளால் நிழல்.

லொள்ளு தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தான். "மேடம், ரெண்டு ஊருலயும் மழை. ஆனா காத்து வேற வேற பக்கம்."

"என்ன உளர்றே?"

"நிழலைப் பாருங்க. போட்டோவுல இருக்கற படத்துல மழை இடது மேலேர்ந்து வலது கீழே சாயுது. இதுல வலது மேலேர்ந்து இடது கீழே."

சொன்ன பிறகுதான், தான் மறுபடி ஒரு ஜோக் அடித்துவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. மேடம் அவனைப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. மேஜை மேல் கிடந்த தையல் சாக்கட்டியை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"இந்த வெட்டுத் துணியில சாய்கோடு போடு. யோசிக்காம, வேகமா."

போட்டான். வலது கைக்காரன். கோடுகள் வலது மேலிருந்து இடது கீழே விழுந்தன. நகலில் இருந்த மாதிரியே.

"இப்ப இடது கையில."

கோணல் மாணலாக வந்தது. ஆனால் மழை திரும்பிக்கொண்டது.

"அசல் இடது கை. நகல் வலது கை" என்றார் மேடம் மெதுவாக.

"அப்ப அக்காவோட தம்பி இடது..."

மேடம் அவன் காலை நறுக்கென்று மிதித்தார். திரைக்குப் பின்னால் அக்காவின் நிழல் அசைந்தது.

*

நகலை அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்ததும்தான் மேடம் வாய் திறந்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அன்னிக்குக் கடையில நீ அதைச் சொன்னப்போ, அவர் எந்தக் கையில சுத்தியல் வச்சிருந்தார்?"

யோசிக்கத் தேவையே இல்லை. ஒரு வாரமாக அதுதான் அவன் கண்ணில் நிற்கிறது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, அந்த மனுஷர் ஆணியடிக்க ஓங்கிய சுத்தியலை இறக்கவும் தெரியாமல், அடிக்கவும் தெரியாமல் அப்படியே நின்றார்.

"இடது கை" என்றான். "நகலை வரைஞ்சது அவர் இல்ல மேடம்."

"வேற ஆள வச்சு வரைஞ்சிருக்கலாம்னு நீ சொல்லலாம். ஆனா ஓவியரே போட்ட மாதிரி போடற இன்னொரு கை இந்த ஊர்ல எங்க இருக்கு?" மேடம் நடையை நிறுத்தினார். "படத்தை யார் கடைக்குக் கொண்டு போனாங்கன்னு முதல் நாளே அக்கா சொன்னாங்க. நான் கேட்டேன். கேட்டு, காதுல போட்டுக்கல. தன் படத்தைத் தானே யாராவது திருடுவாங்களான்னு. உனக்கு வாய் கொழுப்புன்னா எனக்குத் தலைக்கனம். ரெண்டுக்கும் சேத்து ஒருத்தர் கடைய மூடிட்டு உக்காந்திருக்கார்."

மேடம் இப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. வண்டியை எடுத்தான்.

*

ஓவியரின் வீட்டில் டர்பன்டைன் வாசனை. சுவரோரம் கண்காட்சிக்குப் போகவேண்டிய படங்கள் முகம் திருப்பி அடுக்கியிருந்தன. ஓவியர் உயரமாக, வெள்ளைத் தாடியுடன், அன்பாகத்தான் இருந்தார். கொஞ்சம் அதிகமான அன்பு.

"படம் கிடைச்சுதா?"

"பக்கத்துல வந்துட்டோம்" என்றார் மேடம்.

லொள்ளு கண்காட்சி அழைப்பிதழ் ஒன்றை நீட்டினான். "சார், ஒரு கையெழுத்து. முடிஞ்சா என் மூஞ்சியும். எங்க வீட்டுல கண்ணாடி உடைஞ்சு ரொம்ப நாளாச்சு."

ஓவியர் சிரித்தபடி பேனாவை எடுத்தார். சரசரவென்று நாலு இழுப்பில் லொள்ளுவின் மூக்கும் தாடையும் வந்தன. தாடைக்குக் கீழே நிழல். அடியில் கையெழுத்து.

வலது கையால்.

லொள்ளு அழைப்பிதழை வாங்கினான். தன் தாடைக்குக் கீழே பெய்திருந்த மழையைப் பார்த்தான். வலது மேலிருந்து இடது கீழே. நகலில் பெய்த அதே மழை. ஒன்றும் சொல்லாமல் மேடத்திடம் நீட்டினான். அவன் ஒன்றும் சொல்லாமல் இருந்ததே மேடத்துக்குப் போதுமானதாக இருந்தது.

அப்போது ஓவியரின் மனைவி காபித் தட்டோடு வந்தார். ஒல்லியான, சத்தமில்லாத அம்மாள். கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இடது கையால்.

மேடம் கோப்பையைத் தொடவில்லை. "அம்மா, நீங்க எழுதறது எந்தக் கையிலம்மா?"

ஓவியர் எடுத்த கோப்பையைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"இதுலதான்" என்றார் அந்த அம்மாள், இடது கையைப் பார்த்தபடி. "ஏன் கேக்கறீங்க?"

மேடம் போட்டோவையும் நகலையும் மேஜை மேல் வைத்தார். அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். நகலைப் பார்த்ததும் நெற்றி சுருங்கியது. யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது:

"இது நான் போட்டதில்லையே."

அவர் கையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். இத்தனை வருஷமாக 'நீங்க' என்று கூப்பிட்டவர், கல்யாணத்துக்கு முந்தின பழக்கத்தில் கேட்டார்:

"என் படத்த என்ன பண்ணினே?"

ஓவியர் எழுந்தார். அடுக்கியிருந்த படங்களில் ஒன்றை வெளியே இழுத்தார். அதன் முதுகில், இரண்டு அட்டைகளுக்கு நடுவே, அசல் இருந்தது. பழுப்பேறிய காகிதம். இடதிலிருந்து வலதுக்குச் சாய்ந்து பெய்யும் மை.

"கிழிச்சுடணும்னுதான் எடுத்தேன். கை வரல" என்றார்.

"வரைஞ்சது இவங்க" என்றார் மேடம்.

"அப்ப நாங்க சிநேகிதங்க. ஒண்ணா உக்காந்து பழகுவோம். அன்னிக்கு அக்கா தூங்கிட்டாங்க. இவ வரைஞ்சா. மேஜையில வச்சுட்டுத் தண்ணி குடிக்கப் போனா. அக்கா முழிச்சுப் பாத்து, என்னைக் கட்டிப் பிடிச்சுட்டு அழுதாங்க. நான் இல்லக்கான்னு சொல்ல ஒரு நிமிஷம் இருந்துச்சு. அந்த நிமிஷத்த விட்டுட்டேன். அப்புறம் போட்டி, பரிசு, கல்லூரி... சொல்லச் சொல்ல இடமே இல்லாம போச்சு."

"நான் காத்துட்டு இருந்தேன்" என்றார் மனைவி. "இவரே சொல்லிடுவார்னு. சொல்லலன்னதும், நான் பேனாவை எடுக்கறத விட்டுட்டேன். நான் ஒரு கோடு போட்டாலும் யாராவது கண்டுபிடிச்சுடுவாங்களோன்னு பயம். இவருக்காகப் பயந்தேன்."

"கண்காட்சியில என் மத்த படங்களுக்கு நடுவுல அதை மாட்டினா, பாக்கத் தெரிஞ்ச எவனும் நிழல் எதிர்ப்பக்கம் சாயுதுன்னு சொல்லிடுவான்" என்றார் ஓவியர். "அதான் என் கையில ஒண்ணு வரைஞ்சு வச்சேன். அக்காவுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். ஃப்ரேம்காரர் மேல பழி விழும்னு சத்தியமா நெனைக்கல."

"விழுந்தப்போ?" என்றான் லொள்ளு.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஜோக் வரும் குரல் இல்லை அது.

"விழுந்தப்போ என்ன பண்ணீங்க சார்? நான் பண்ணினத நான் சொல்றேன். அவரை வச்சு ஊரைச் சிரிக்க வச்சேன். நீங்க?"

ஓவியர் தலையைக் குனிந்தார். "பேசாம இருந்தேன். எனக்குப் பழகின வேலை அது." பிறகு, கெஞ்சலாக, "அசல் கிடைச்சுடுச்சு, ஏதோ குழப்பம்னு சொல்லி முடிச்சுடலாமே. அக்காவுக்கு மட்டும் தெரியவேண்டாம்" என்றார்.

மேடம் பதில் சொல்வதற்குள் அந்த ஒல்லி அம்மாள் படத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"செருப்பப் போடுங்க. அக்கா வீட்டுக்குப் போலாம்."

*

அக்கா நின்றபடியே கேட்டார். தம்பி திக்கித் திணறிச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு அசலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"நான் தூங்கினா வாய் லேசா தொறந்துக்கும்" என்றார். "இதுல தொறந்திருக்கு. அவன் போட்டதுல மூடியிருக்கு. அக்கா அழகா இருக்கட்டும்னு மூடியிருக்கான். அதான் பாத்த உடனே இது நான் இல்லன்னு பட்டுச்சு. ஏன்னு அப்ப சொல்லத் தெரியல."

தம்பி மனைவியை நிமிர்ந்து பார்த்தார். "நீ அப்படியே போட்டிருக்கே."

"அன்னிக்கு நீங்க அப்படித்தான் இருந்தீங்க அண்ணி."

"உனக்கு ஒரு கோடு போடத் தெரியாதுன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேன். இன்னிக்குக் காலையிலகூட இவங்ககிட்ட சொன்னேன்."

"நான்தானே சொல்ல விட்டேன்."

அக்கா படத்தை மேஜை மேல் வைத்தார். தம்பியிடம் திரும்பி, "நீ கொஞ்ச நேரம் வெளிய நில்லு" என்றார்.

கண்காட்சி வைக்கிற பெரிய ஓவியர், வெள்ளைத் தாடியோடு, கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே இரண்டு பெண்கள் அழுவது கேட்டது. லொள்ளு அவர் பக்கத்திலேயே நின்றான். அவரைக் கேலி செய்ய அவனுக்கு ஆசையே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஓவியர் போனை எடுத்து மியூசியம் அதிகாரியைக் கூப்பிட்டார். முதலில் ஃப்ரேம்காரரின் பெயரைத்தான் சொன்னார். பிறகு தன் மனைவியின் பெயரை.

*

ஃப்ரேம்காரரின் வீடு கடைக்குப் பின்னாலேயே. கதவைத் திறந்தவர், லொள்ளுவைப் பார்த்ததும் மூடப் போனார்.

"நீங்க இல்லைன்னு தெரிஞ்சுடுச்சு சார்" என்றான் லொள்ளு அவசரமாக. மேடம் நடந்ததை எல்லாம் சொன்னார். கூட வந்திருந்த ஓவியர் கைகூப்பினார். ஃப்ரேம்காரர் எல்லாவற்றையும் கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"மியூசியம் வேலையை உங்களுக்கே தரேன்னு சொல்லிட்டாங்க" என்றார் ஓவியர்.

"சந்தோஷம்." அவர் பார்வை லொள்ளு மேலேயே இருந்தது. "தம்பி, நீங்க சொன்னது நல்ல ஜோக்கு. என் பொண்ணு ஸ்கூல்ல கேட்டுட்டு வந்து என்கிட்டயே சொல்லிச் சிரிச்சா. பாதி சிரிப்புல என் மூஞ்சியப் பாத்துட்டு நிறுத்தினா. அது யாரைப் பத்தினதுன்னு அப்பதான் அவளுக்குப் புரிஞ்சுது."

"மன்னிச்சுடுங்க" என்றான் லொள்ளு.

"இங்க, என் வீட்டு வாசல்ல, எனக்கு மட்டும் சொல்றீங்க. அதைத் தெருவுல சொன்னீங்க."

லொள்ளு தலையாட்டினான். திரும்பி நடந்தான்.

எதிர்ச்சாரி டீக்கடையில் சாயங்காலக் கூட்டம் நிரம்பியிருந்த நேரம். அவனைப் பார்த்ததுமே ஆளாளுக்குக் குரல் கொடுத்தார்கள். "வந்துட்டான்யா! புதுசா ஒண்ணு எடுத்து விடுப்பா!"

"இன்னிக்கு ஒண்ணும் இல்ல" என்றான். பெஞ்சு மேல் ஏறவில்லை. கையை ஆட்டவில்லை. "ஃப்ரேம் கடைக்காரர் படத்தைத் திருடல. மாத்தவும் இல்ல. கொண்டு வந்து குடுத்ததை ஒழுங்கா மாட்டிக் குடுத்திருக்கார். நான் ஒண்ணும் தெரியாம, நாலு பேர் சிரிக்கணும்னு அவரைப் பத்திப் பேசினேன். நான் பேசினது பொய். நீங்க சிரிச்சதும் அந்தப் பொய்க்குத்தான். போற இடத்துல எல்லாம் இதையும் சொல்லுங்க."

யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அடங்கினார். டீக்கடைக்காரர் கையிலிருந்த டம்ளரைக் கழுவுவதையே நிறுத்திவிட்டார். பொய்யைக் கேட்டுச் சிரித்தவர்களில் பாதிப்பேர்கூட இதைக் கேட்கவில்லை என்று லொள்ளுவுக்குத் தெரிந்தது. நாளைக்கும் வந்து சொல்லவேண்டும். மறுநாளும். ஜோக்கு போன தூரத்துக்கு இது போய்ச் சேர எத்தனை நாளாகுமோ. அவன் திரும்பினான்.

ஃப்ரேம்காரர் தன் வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் பள்ளி உடுப்போடு ஒரு பெண். அவளும் கேட்டிருந்தாள்.

லொள்ளு அவர்கள் முன்னால் வந்து நின்றான்.

"எனக்குக் கோபம் போகல" என்றார் ஃப்ரேம்காரர். "எப்பப் போகும்னும் தெரியல." கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தார். "ஆனா நின்னுக்கிட்டே இருந்தா கால் வலிக்கும். உள்ள வந்து உக்காருங்க."

நாக்கு நுனிவரை ஒரு பதில் வந்தது. நல்ல பதில்தான். அந்தப் பெண்கூடச் சிரித்திருப்பாள். லொள்ளு அதை விழுங்கிவிட்டு, செருப்பை வாசலில் கழற்றி வைத்து, உள்ளே போனான்.